கறி உருண்டையும் நாலாவது விசிலும்

எங்கள் சம்பந்தி, அதாவது என் மருமகளைப் பெற்ற அப்பா, முப்பத்தோரு வருடம் ஒரு சலவை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. துவைக்க வெந்நீர், உலர்த்த ஆவி, இஸ்திரிக்கு ஆவி, எல்லாவற்றையும் இவர்தான் குழாய் வழியாக அனுப்ப வேண்டும். அதனால் அங்கே அவருக்குப் பெயரே நீராவிதான். சம்பளத்தாளில் வேறு பெயர் இருந்ததாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டாராம்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நீயாக எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நடந்தது நடந்தபடி வரவேண்டும். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

ஆலையில் புதுக் கொதிகலன் வந்தது. அலமாரி மாதிரி ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் தானே எரியும், தானே அணையும். "அதுக்கு ஆளே வேணாமாம் சம்பந்தியம்மா. திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணாமா அதுக்கு?" என்று வந்து உட்கார்ந்தார். வெளியூரில் இருக்கிற அவருடைய மூத்த மகன் நல்ல பிள்ளை. அப்பா இனிமேல் தனியாக இருக்கவேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். அவன் வீடு ஒன்பதாவது மாடி. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை இவரும் சுவரும்தான். இங்கேயென்றால் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒற்றை அறையில் இருக்கிறார், மகள் வேலை முடிந்து வரும்போது அவர் கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள். டிக்கெட் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உட்காரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். போக மனமில்லை என்று வாயால் சொல்லவில்லை. சொல்லவேண்டுமா என்ன?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்.

"பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கேன்டீனுக்கு. சமையல்காரன் வேலையை விட்டுட்டான். சனிக்கிழமை நாப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு செஞ்சு காட்டணும். பன்னெண்டரை மணி அடிக்கும்போது தட்டு மேஜையில இருக்கணும். பிடிச்சுதுன்னா வேலை நமக்கு."

என் மருமகளுக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. "அப்பா, உங்களுக்கு முட்டை வேகவைக்கத் தெரியுமா?"

"முட்டை தெரியாது. கறி உருண்டை தெரியும்."

அது பொய் இல்லை. கொதிகலன் அறையில் ஆவிக் குழாய்க்கு மேலே ஒரு இரும்புத் தட்டு உண்டாம். காலையில் போனதும் கொத்துக்கறியைப் பிசைந்து உருட்டி, தக்காளியை நறுக்கிப் போட்டு, ஒரு தகர டப்பாவில் இறுக்கி மூடி அதன்மேல் வைத்துவிடுவார். சாப்பாட்டு நேரத்துக்குத் திறந்தால் அந்தப் பகுதியில் இருக்கிற மூன்று பேரும் ரொட்டியோடு வந்து நிற்பார்களாம். முப்பத்தோரு வருடம் இந்த ஒரே சமையல்.

"அது மூணு பேரு, இது நாப்பது பேருப்பா," என்றாள் மகள்.

"அதனால என்ன? பெரிய குக்கர் இருக்கு அங்க. குக்கர்னா என்ன? என் கொதிகலனோட பேரன். தாத்தாவையே மேய்ச்சவனுக்குப் பேரனை மேய்க்கத் தெரியாதா?"

இதற்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை இரண்டு பேர் செய்து பார்த்தார்களாம். ஒருவருடைய சாப்பாடு ஒன்றேகால் மணிக்கு வந்தது. இன்னொருவருடையது சரியான நேரத்துக்கு வந்தது, ஆனால் யாரும் சாப்பிடவில்லை. இவர் மூன்றாவது ஆள்.

புதன்கிழமை என் ஐந்து லிட்டர் குக்கரை வாங்கிக்கொண்டு போய்க் கீழே ஒத்திகை பார்த்தார். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடிக்கிறது. ஆறு, ஏழு, எட்டு. என்னடா இது, கறியை வேகவைக்கிறாரா கரைக்கிறாரா என்று இறங்கிப் போனேன். பதினோராவது விசில் அடிக்கும்போது நான் வாசலில் நிற்கிறேன். மனிதர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமைதியாக வெங்காயம் உரிக்கிறார். கருகின வாசனை வந்தபிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் குக்கரைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாக.

"அஞ்சு வருஷம் இருக்கும். கனமான சத்தம் கொஞ்சம் கேக்கும். இந்தக் கீச்சுச் சத்தம் சுத்தமா கிடையாது. ஆலையில யாரும் கண்டுபிடிக்கல. அங்க எல்லாருமே கத்தித்தான் பேசுவாங்க. எங்கிட்ட சாதாரணமாப் பேசறவங்க பேச்சை உதட்டைப் பாத்துப் பிடிச்சுக்குவேன்."

"அப்ப கொதிகலனை எப்படிப் பாத்தீங்க?"

முன்பல்லைக் காட்டினார். ஒரு மூலை உடைந்திருந்தது. "பம்புல எதாவது கோளாறுன்னா ஒரு இரும்புக் கம்பியை அதுமேல வெச்சு இன்னொரு முனையைப் பல்லால கடிச்சுக்குவேன். உள்ள நடக்கறதெல்லாம் தாடையில வந்து சொல்லும். ஒரு நாள் கொஞ்சம் அதிகமாச் சொல்லிடுச்சு." பிறகு குரலை இறக்கினார். "பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தியம்மா. கேன்டீனை நடத்தற அம்மாவுக்கும் தெரியக்கூடாது. காது கேக்காதவனை அடுப்புப் பக்கம் விடமாட்டாங்க. அப்புறம் ஒம்பதாவது மாடிதான்."

அப்போதுதான் நான் சொன்னேன், விசிலை நான் எண்ணுகிறேன் என்று. எழுதப் படிக்கத் தெரியாதே தவிர எண்ண எனக்குத் தெரியும். எத்தனை பிள்ளை பெற்றேன் என்று சரியாகத்தானே சொல்கிறேன்.

உருண்டைக்கு நாலு விசில் என்று கணக்கு வைத்தார். மூன்றில் அணைத்தால் நடுவில் சிவப்பாக நிற்கும், ஐந்தானால் குழம்பு அடிப்பிடிக்கும். வியாழக்கிழமை ஒத்திகை மாடியில், எங்கள் வீட்டிலேயே. நான் கூடத்தில் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டே காதால் எண்ணினேன். நாலு. "அணைங்க" என்று கையால் சாடை காட்டினேன். திறந்து ஒரு உருண்டையைப் பிட்டால் உள்ளே பச்சைக் கறி, செக்கச்செவேல்.

"ரெண்டுதான் அடிச்சிருக்கும்," என்றார்.

"நாலு."

"கறி சொல்லுது ரெண்டுன்னு."

"கறிக்கு எண்ணத் தெரியுமா? நாலுன்னா நாலு."

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கையில் பாத்திரத்தோடு வந்து நிற்கிறாள். "அக்கா, நாலு விசில் எண்ணித்தான் அணைச்சேன். என் பருப்பு கல்லு கல்லா நிக்குது. உங்க குக்கர் ஏதாவது நடுவுல கத்திச்சா?"

ஆக, இரண்டு எங்களுடையது, இரண்டு அவளுடையது. இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒரே நாலு விசிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். சம்பந்தி என்னைப் பார்த்தார். மீசை ஆடியது.

"நாலு விசில்னுதானே சொன்னேன். யார் வீட்டு நாலுன்னு சொன்னேனா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு விசிலுக்கும் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். பூப்போல வெந்தது. தையல்காரம்மா மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். அவள் சும்மா யாரையும் புகழமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்கா நாளைக்குச் சோதனை? ஆனாலும் வரவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கேன்டீனில் இருந்தோம். தகரக்கூரை தாழ்வாக இறங்கின சமையலறை. ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடம், நடுவில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல். இன்னொரு பக்கம் இஸ்திரிக் கூடம். அங்கிருந்து கதவிடுக்கு வழியாக ஆவி வந்துகொண்டே இருக்கும். கேன்டீன் அம்மா கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். மெல்லிய குரல். இவர் காதுக்கு எட்டாது. உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல் பேசுகிறாள்.

"பாட்டி யாரு?"

"பாட்டி இல்ல. உதவிக்கு வந்த ஆளு," என்றேன் நான். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

நாற்பது பேருக்கு ஆளுக்கு மூன்று, நூற்றிருபது உருண்டை. கொத்துக்கறியில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டி, பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டு, மிளகு, முட்டை, உப்பு. அழுத்திப் பிசையக்கூடாது, கூட்டிச் சேர்க்கவேண்டும் என்பார் சம்பந்தி. கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எலுமிச்சை அளவுக்கு உருட்டினோம். எழுபது நான் உருட்டினேன், ஐம்பது அவர். அவர் அறுபது அறுபது என்பார். நம்பாதீர்கள்.

இரண்டு பெரிய குக்கரில் எண்ணெய் காய்ந்து, வெங்காயம் சிவந்து, தக்காளி போட்டதும் சுர்ரென்று சத்தம் எழும்பி அந்த அறையே மணத்தது. இஸ்திரிக் கூடத்துக் கதவிடுக்கில் இரண்டு தலை தெரிந்தது. தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும், அடியில் ஒட்டினதை மரக்கரண்டியால் சுரண்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். குழம்பு கெட்டியாக இருந்தால் ஆவி கிளம்பாது, அடியில் கருகும். பிறகு உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி. கரண்டி போட்டுக் கிண்டவில்லை. கிண்டினால் நூற்றிருபதும் கூழாகிவிடும். இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

பதினொன்றே முக்காலுக்கு மூடினோம். வரிசையாக மூன்று அடுப்பு. இடப்பக்கம் சோறு, நடுவில் கறி, வலப்பக்கம் கறி. மூன்றும் ஒரே மாதிரி குக்கர், ஒரே மாதிரி வெயிட். கேன்டீன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலருகில் நின்றாள்.

முதல் விசில் அடித்தது. தோளில் ஒரு தட்டு. அடுத்தது. மூன்றும் மாற்றி மாற்றிக் கத்த ஆரம்பித்தன. நடுக் குக்கருக்கு இடது கை விரல், வலக் குக்கருக்கு வலது கை விரல் என்று மடக்கி வைத்திருந்தேன். தோளைத் தட்ட எந்தக் கை? முழங்கையால் இடித்தேன். இதற்கு நடுவில் இஸ்திரி ஆவியும் குக்கர் ஆவியும் சேர்ந்து என் மூக்குக் கண்ணாடி வெள்ளைவெளேரென்று மூடிக்கொண்டது. துடைக்கலாம்தான். விரலை விட்டால் எண்ணிக்கை போய்விடுமே. அதனால் சத்தத்தை வைத்தே எண்ணினேன். எனக்குத் தெரியாதா என்ன?

நடுவில் நாலு ஆனது. அவர் முதுகில் ஓங்கித் தட்டி, நடு அடுப்பைக் காட்டினேன்.

அவர் அணைக்கவில்லை. குனிந்தபடியே தலையை ஆட்டினார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். நீள மரக்கரண்டியின் ஒரு முனை நடுக் குக்கரின் கைப்பிடிமேல் இருக்கிறது, மறுமுனையைப் பல்லால் கடித்திருக்கிறார். கரண்டியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"மூணுதான்."

"நாலு."

"மூணு சம்பந்தியம்மா. இன்னும் ஒண்ணு வரணும்."

எனக்கு வந்ததே கோபம். மூன்று நாளாக விசில் எண்ணுகிறேன், கடைசியில் என்னை நம்பாமல் கரண்டியை நம்புகிறார். அவருக்குக் கேட்கவேண்டும் என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"உங்களுக்கென்ன தெரியும்? உங்களுக்குத்தான் காதே கேக்காதே."

அவருக்குக் கேட்டது. கூடத்தில் தட்டு வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. இஸ்திரிக் கூடத்துக்கும் கேட்டது. கேன்டீன் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

சொன்ன வாயை அங்கேயே மூடிக்கொண்டேன். மூடி என்ன செய்ய?

அவள் இரண்டு எட்டில் பக்கத்தில் வந்தாள். "காது கேக்காதா?"

உதட்டைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். "விசில் கேக்காதும்மா. அஞ்சு வருஷமா."

"முதல்ல அடுப்பை அணைங்க. கேக்காத ஆளு மூணு குக்கரை வெச்சுக்கிட்டு நிப்பீங்களா? ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?"

"ஒரு நிமிஷம் குடுங்கம்மா. ஒரே நிமிஷம். அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் கரண்டியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வலக் குக்கர்மேல் முனையை வைத்தார். இடது கையில் ஒரு விரலைத் தூக்கினார். ஒன்றும் இல்லை. அடுத்த நொடி வலக் குக்கர் வீலென்று கத்தியது, நாலாவது தடவையாக. அதை அணைத்தார். முனையை நடுக் குக்கருக்கு மாற்றினார். எல்லாரும் அதன் வெயிட்டையே பார்க்கிறோம். அவர் தலையசைத்தார், இன்னும் இல்லை என்று. கதவிடுக்கில் இப்போது ஆறு தலை. பிறகு விரல் மேலே போனது. போன பிறகுதான் வெயிட் மெல்ல அசைந்து, ஆடி, கத்தியது.

"இது நாலு," என்று சொல்லி அணைத்தார். சோற்றுக் குக்கரையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து அணைத்தார்.

கேன்டீன் அம்மா கரண்டியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அதைக் குடுங்க." கரண்டியின் முனையைத் தன் துணியால் நன்றாகத் துடைத்து, பல்லால் கடித்து, நடுக் குக்கர்மேல் வைத்தாள். அவளுடைய கண் விரிந்தது.

"உள்ள கொதிக்கறது பல்லுல தெரியுது."

"அணைச்ச பிறகே அவ்வளவு தெரியுதுன்னா, எரியும்போது எவ்வளவு தெரியும்னு பாத்துக்குங்க," என்றார் சம்பந்தி.

மணி பன்னிரண்டு பதினெட்டு. வெயிட் தானாக அடங்கினால்தான் மூடி திறக்கவரும். இருபது ஆனது. இருபத்துமூன்று ஆனது. கூடத்தில் பெஞ்சு இழுக்கிற சத்தம். ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கடிகாரத்தையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெயிட்டைத் தூக்கிடுங்களேன், நேரமாகுது."

"இப்பத் தூக்கினா சாப்பாடு தட்டுல இருக்காதும்மா, கூரையில இருக்கும்."

இருபத்தேழுக்கு நடுக் குக்கரின் வெயிட்டை ஒரு விரலால் தொட்டார். மூச்சே இல்லை. மூடியைத் திறந்தார். சூடான மூடியை வைக்க இடமில்லை. மேஜையெல்லாம் தட்டு. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை உருவி உதறி, மேஜை ஓரத்தில் விரித்து அதன்மேல் மூடியைக் கவிழ்த்தார். எந்தத் தாள் என்று பார்க்க அப்போது யாருக்கு நேரம்?

ஒரு உருண்டையை எடுத்துப் பிட்டு என் முன்னால் நீட்டினார். மூன்றா நாலா என்று சண்டை போட்ட அதே குக்கர். நடுவில் சிவப்பு இல்லை. விரலிடுக்கில் உதிராமல் நின்றது. நான் சொன்னபோது அணைத்திருந்தால் வியாழக்கிழமைக் கதைதான். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"மூணுதான்," என்றேன். "கண்ணாடி மேல தப்பு."

மற்ற இரண்டையும் திறந்து எல்லாரும் கைபோட்டோம், மணி அடித்தபோது நாற்பது தட்டும் மேஜையில் இருந்தது. கூடத்தில் எல்லாரும் தட்டில் குனிந்துவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டி ஓட்டுகிறவர் ரொட்டியால் தட்டைத் துடைத்தார், பிறகு பக்கத்துத் தட்டையும் ஒரு பார்வை பார்த்தார். இஸ்திரிப் பெண் ஒருத்தி எழுந்துவந்து, "நீராவி அண்ணே, குக்கர் அடியில கொஞ்சம் குழம்பு இருக்கும்ல?" என்றாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி ஊற்றினார். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

கேன்டீன் அம்மா தன் தட்டைக் காலியாகக் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தி குழாயடியில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார், முதுகு இந்தப் பக்கம். அவள் வழக்கம்போல மெல்லச் சொன்னாள்: "திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, கூட காது கேக்கற ஆளு ஒருத்தர் சமையலறையில இருக்கணும்."

"நான் இருக்கேன்," என்றேன்.

என் கண்ணாடியைப் பார்த்தாள். "கண்ணும் தெரியற ஆளு."

குழம்பு கேட்ட அந்த இஸ்திரிப் பெண், "நான் மாறிக்கறேன்மா, அந்த ஆவிப்பெட்டி முன்னால நின்னு நின்னு எனக்கும் போதும்னு ஆயிடுச்சு," என்றாள். அதோடு முடிந்தது.

நான் குழாயடிக்குப் போய் அவர் தோளைத் தட்டினேன். திரும்பினார். என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலைச் சேர்த்துக் காட்டினேன். ஆறு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேன்டீன் அம்மாவும் தலையசைத்தாள். மனிதர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். பிறகு குக்கரைத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார், ஏற்கெனவே பளபளவென்று இருந்த குக்கரை.

சாயங்காலம் மகள் டீ குடிக்க வந்தபோது அவரே சொல்லிவிட்டார், காதைப் பற்றி. அவள் அழுதாள், திட்டினாள், பிறகு, "அத்தை, உங்களுக்கும் தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினாள். அதை விடுங்கள். மேஜைமேல் அந்த ரயில் டிக்கெட்டை வைத்தார். மூடி கவிழ்த்த இடத்தில் தக்காளிக் குழம்பு வட்டமாக, சிவப்பாக, பதிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு எந்த ரயிலில் ஏறமுடியும்? மூத்த மகனுக்குப் போன் போட்டு அவளே பேசினாள். அடுத்த விடுமுறைக்கு அவன் இங்கே வருகிறானாம், உருண்டை சாப்பிட.

இப்போது மாதம் எட்டு ஆகிறது. அந்த மரக்கரண்டியில் வேறு யாரும் கை வைப்பதில்லை. அவருடைய பல் தடம் அதில் நன்றாகத் தெரியும், ஒரு மூலை மட்டும் இல்லாமல். சனிக்கிழமை தோறும் எனக்கு ஒரு கிண்ணம் வருகிறது. கொண்டுவந்து வைத்துவிட்டு, "எண்ணிப் பாருங்க சம்பந்தியம்மா, எத்தனை இருக்குன்னு," என்பார்.

எண்ணிவிட்டேன். விசில் மூன்று என்பதை நான் ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் அன்றைக்கு எழுபது உருண்டை நான் உருட்டியது. அதை அப்படியே எழுது.